கேருபீன்களும் பூக்களும் நம்முடைய பிள்ளைகளும்

(திருவண்ணாமலையில் நம் மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



 வெயிலையும் பேருந்து நெரிசலையும் பாராமல் வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இன்னும் தூரமான சபைகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்கள் அன்புக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

உங்களில் பலர் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "உங்கள் செய்தி மடலில் பிள்ளைகளின் படங்களை இன்னும் அதிகமாகப் போடக்கூடாதா? பூப்போன்ற அந்த முகங்களைப் பார்த்தால் ஜனங்களின் மனம் இளகுமே" என்று கேட்கிறீர்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைகளையும் பூக்களையும் சேர்த்து வரைகிற வழக்கம் எங்கிருந்து வந்தது, அதை உண்மையாய்ச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் உங்களுக்கும் பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணினோம். ஆகையால் இன்று வழக்கமான அறிக்கையை விட்டு, படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் கன்னத்தில் கையூன்றி மேலே பார்க்கும் இரண்டு சிறகுப் பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இத்தாலிய ஓவியர் ரபேல் சுமார் 1512-இல் வரைந்த ஒரு மரியாள் படத்தின் அடிவிளிம்பில் இருப்பவர்கள் இவர்கள். அந்தப் படம் 1754-இல் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெரிய படத்தை அறியாதவர்களும் இந்த இரண்டு பிள்ளைகளை அறிவார்கள். அட்டையில், கேக் பெட்டியில், ஞாயிறு பள்ளிச் சுவரில் எங்கும் அவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வேதாகமத்தில் நாம் வாசிக்கிற கேருபீன்கள் இப்படிப்பட்டவர்களா? ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஏதேன் தோட்டத்தின் வழியைக் காவல் காக்கிறவர்கள். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் கிருபாசனத்தின் இரு முனைகளிலும் செட்டைகளை விரித்து, முகத்துக்கு முகம் நோக்கி நிற்கும் பொன்னுருவங்கள். எசேக்கியேல் கண்ட தரிசனத்திலோ நான்கு முகங்களும் நான்கு செட்டைகளும் உடையவர்கள். அவர்களைக் கண்டால் பயப்படத்தான் தோன்றும். தூக்கிக் கொஞ்சத் தோன்றாது. கொழுகொழுவென்ற கன்னமும் மடிப்பு விழுந்த கையும் உள்ள பிள்ளை உருவம் கிரேக்க, ரோமச் சிற்பிகளிடமிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர்கள் அந்த உருவத்தைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் அதற்கும் கேருபீன் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

நம் ஊர்க்காரருக்கு இது புதுமையல்ல. நம் நாட்டுக் கோயில் சிற்பங்களிலும் ஆகாயத்தில் மிதந்துவரும் உருவங்கள் உண்டு. கந்தருவர், வித்தியாதரர் என்பார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் அவர்கள் கூட்டங்கூட்டமாய்ப் பறக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சிறகு இல்லை. மடக்கிய காலும் சாய்ந்த உடலுமே பறப்பதைச் சொல்லிவிடும். சிறகு முளைத்த பிள்ளைகள் நம் பக்கத்துப் படங்களில் வரத் தொடங்கியது ஐரோப்பியப் படங்கள் இங்கே வந்த பிறகுதான். பழைய தஞ்சாவூர் ஓவியங்கள் சிலவற்றில் திருவாசி வளைவுக்கு மேலே இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதை இன்றும் காணலாம்.

இப்போது ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். பிலிப் ஒட்டோ ருங்கே என்பது அவர் பெயர். 1777-இல், பால்டிக் கடற்கரையிலுள்ள வோல்காஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயது முதலே நோயாளிப் பிள்ளை. படுக்கையிலும் வீட்டிலுமாகக் கழிந்த நாட்களில், தாயிடம் கற்றுக்கொண்டு, கத்தரிக்கோலால் காகிதத்தில் பூக்களை வெட்டுவாராம். இலையின் நரம்பும் காம்பின் வளைவும் தவறாமல் வெட்டும் அந்தத் திறமை கடைசிவரை அவரோடிருந்தது. பிற்காலத்தில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கோத்தேக்கே இப்படி வெட்டிய பூக்களை அனுப்பியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் "மீனவனும் அவன் மனைவியும்" கதையை எழுதி, கிரிம் சகோதரர்களின் தொகுப்புக்குக் கிடைக்கச் செய்தவரும் இவரே.

ருங்கே 1799 முதல் 1801 வரை டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் சித்திரம் பயின்றார். டென்மார்க் நமக்கு அந்நிய தேசமல்ல. அந்த வருஷங்களில் நம்முடைய தரங்கம்பாடி டென்மார்க் அரசருடைய ஊராயிருந்தது. 1845 வரைக்கும் அப்படியே இருந்தது. இதே திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என்று ஒரு பள்ளி இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதன் வேர் டென்மார்க்கில் 1821-இல் தோன்றிய மிஷன் சங்கத்தைச் சேர்ந்தது.

பிறகு ருங்கே டிரெஸ்டன் நகரத்துக்குப் போனார். ரபேலின் மரியாள் படம் இருக்கும் ஊர் அது. அங்கே 1802, 1803 ஆண்டுகளில் நான்கு படங்களைக் கோடுகளால் வரைந்தார். காலை, பகல், மாலை, இரவு என்று அவற்றுக்குப் பெயர். 1805-இல் அவை செப்புத்தகட்டில் வெட்டி அச்சிடப்பட்டன. முதலில் 25 பிரதிகள்தான். 1807-இல் மறுபடியும் 250 பிரதிகள் போட்டார்கள்.

செப்புத்தகட்டு வேலை எப்படியென்று சொல்லிவிடுகிறோம். புதுப் பாத்திரம் வாங்கினால் கடைக்காரர் சிறிய உளியை வைத்து நம் பெயரை வெட்டிக்கொடுப்பார் அல்லவா? அதே வேலைதான், மிக நுட்பமாக. தகட்டில் கோடு கோடாய் வெட்டி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். வெட்டின பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரமான தாளை அதன்மேல் வைத்து உருளையில் கொடுத்து அழுத்தினால், பள்ளத்திலுள்ள மை தாளில் ஏறிவிடும். வெட்டின கோட்டை எளிதில் அழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கோடும் எதற்கு என்று முன்னதாகவே யோசித்தாக வேண்டும்.

அந்த நான்கு படங்களிலும் இருப்பது பிள்ளைகளும் பூக்களுமே. காலைப் படத்தில், மூடுபனியிலிருந்து ஒரு பெரிய லீலிபுஷ்பம் நிமிர்ந்து எழும்புகிறது. விரியும் இதழ்களின்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், உச்சியில் விடிவெள்ளி. படத்தின் விளிம்பில் மேலே தேவநாமம் எபிரெய எழுத்தில் ஒளிவீச, அதைச் சுற்றிலும் சிறகுள்ள சிறு தலைகள். கீழ் விளிம்பில் தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு. பகல் படத்தில் ஒரு தாய் பந்தலின் நடுவே பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறாள். மாலைப் படத்தில் அந்த லீலிபுஷ்பம் கீழே இறங்குகிறது. இரவுப் படத்தில் கசகசாப் பூக்கள் எழும்பி நிற்க, அவற்றின் நிழலில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

நீங்கள் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் அழகுக்காக அங்கே ஒட்டவைக்கப்பட்டவர்கள் அல்ல. இசைக்கிறார்கள், ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிறார்கள், எழும்புகிறார்கள், இறங்குகிறார்கள், களைத்துத் தூங்குகிறார்கள். பூ வளருகிற ஒழுங்கும் பிள்ளை வளருகிற ஒழுங்கும் சிருஷ்டிகர்த்தாவின் ஒரே ஒழுங்கு என்பதைச் சொல்லவே ருங்கே அவர்களை அங்கே வைத்தார். நான்கு படங்களையும் பெரிதாய் வண்ணத்தில் தீட்டி, அவற்றுக்கென்றே ஒரு கட்டடம் கட்டி, பாடல் இசைக்க ஜனங்கள் அவற்றைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசை நிறைவேறவில்லை. காலைப் படத்தை மட்டுமே வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

கசகசாப் பூ என்று சொன்னோமே, அதைப் பற்றி மருத்துவமனைக்காரராகிய நாங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதை. அதன் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. ருங்கே இந்தப் பூவைத் தூக்கத்துக்கு அடையாளமாக வரைந்த அதே காலத்தில், சுமார் 1804, 1805-இல், ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் ஷெர்டியுர்னர் என்ற இளம் மருந்துக்கடை உதவியாளர் அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். ஓவியர் பூவில் கண்டதை அவர் குப்பியில் கண்டார். புற்றுநோய் முற்றி வேதனைப்படுகிறவர்களுக்கு இன்றைக்கும் மார்பினைப்போல் உதவும் மருந்துகள் கொஞ்சம்தான். நம் தேசத்தில் அதை வாங்கி வைப்பதற்கு இருந்த கடுமையான விதிகள் 2014-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் ஓரளவு தளர்ந்தன. மருத்துவரின் கண்காணிப்பில் கொடுத்தால், வேதனையால் தூங்க முடியாதவர் தூங்குகிறார், வீட்டாரோடு பேசுகிறார், ஜெபிக்கிறார்.

இனி நம் சோழநாட்டுக்கு வருவோம். கோப்பன்ஹேகனில் ருங்கே கண்டு மிகவும் உற்சாகமடைந்த படங்கள், ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியின் கோட்டுச் சித்திரங்கள். நிழலும் வண்ணமும் இல்லாமல் வெறும் கோட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும் முறை அவருடையது. ஐரோப்பாவெங்கும் இளம் ஓவியர்கள் அதைப் படித்தார்கள். அந்தப் பிளாக்ஸ்மனின் கைவேலை ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. சிவகங்கைக் கோட்டையில், சுவார்ட்ஸ் ஐயர் 1779-இல் கட்டிய ஆலயத்துக்குள் போனால் அதைப் பார்க்கலாம்.

சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. தரங்கம்பாடியிலும் திருச்சியிலும் தஞ்சையிலுமாக ஏறக்குறைய 48 வருஷம் ஊழியம் செய்து, 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி தஞ்சையில் நித்திரையடைந்தார். அவரைத் தகப்பனைப்போல் எண்ணிய இரண்டாம் சரபோஜி மன்னர், தமது செலவில் பிளாக்ஸ்மனிடம் ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். அதில் ஐயர் மரணப்படுக்கையில் இருக்கிறார். மன்னர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் கெரிக்கே ஐயர் நிற்கிறார், மந்திரிமார் நிற்கிறார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் நிற்கிறார்கள். மன்னர் கிறிஸ்தவர் அல்ல. கடைசிவரை தமது மார்க்கத்திலேயே இருந்தார். ஆனாலும் அந்தக் கையை விடவில்லை.

இதே மரணப்படுக்கையைக் காட்டும் இன்னொரு பளிங்குச் சின்னம் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இளைய ஜான் பேக்கனைக்கொண்டு செய்தது. அதிலும் பிள்ளைகள் உண்டு. ஒரு பிள்ளை ஐயரின் கையைத் தழுவுகிறது. ஆனால் ஐயரின் பார்வை மேலே இருக்கிறது. அங்கே சிலுவையைத் தாங்கிய தேவதூதன் இறங்கி வருகிறான்.

இரண்டும் ஒரே மனிதரின் மரணம், ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. ஒன்றில் சிறகுள்ள தூதன் இருக்கிறான். மற்றதில் சிறகுள்ளவர் ஒருவருமில்லை. கையைப் பிடித்த ஒரு மனிதனும், நிற்கும் மூன்று பிள்ளைகளுமே இருக்கிறார்கள். இரண்டையும் குறைசொல்ல மாட்டோம். நம்முடைய நம்பிக்கை மேலே பார்க்கிறது என்பது மெய். ஆனால் மருத்துவமனை வார்டில் தினந்தினம் நாங்கள் காண்பது தஞ்சாவூர்ச் சின்னத்தில் உள்ள காட்சியைத்தான்.

சரபோஜி மன்னரைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள். அவர் பிறந்ததும் 1777-ஆம் வருஷமே. ருங்கேக்கும் அவருக்கும் ஒரே வயது. சுவார்ட்ஸ் ஐயரிடமும் பின்பு கெரிக்கே ஐயரிடமும் படித்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளோடு ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படங்களையும் வாங்கிச் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் வைத்தியத்துக்கும் ஒரு ஸ்தாபனம் நடத்தினார். அங்கே கண்நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளும், அவர்களுடைய கண்களைத் தனித்தனியே வரைந்த வண்ணப் படங்களும் இன்றும் தஞ்சையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கண்புரையால் மங்கிய விழி எப்படியிருந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. நம் கால கண் மருத்துவர்களும் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு ஓவியர் பூவின்மேல் பிள்ளையை வரைகிறார். அதே தலைமுறையில் இங்கே ஒரு தஞ்சை ஓவியர், பெயர் தெரியாதவர், நோயுற்ற ஒரு கண்ணை வரைகிறார். அதில் அலங்காரம் இல்லை. சிவந்த இடம் சிவந்தபடி, வெளுத்த இடம் வெளுத்தபடி. வைத்தியம் செய்கிறவருக்கு அந்த உண்மை வேண்டும்.

பூக்களையும் அப்படி உண்மையாய் வரைந்தவர்கள் நம் கரையில் இருந்தார்கள். 1768-இல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்த கேனிக் என்பவர், தாவர சாஸ்திரத்தின் தந்தையாகிய லின்னேயஸிடம் படித்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம்போக மற்ற நேரமெல்லாம் செடி கொடிகளைத் தேடி அலைந்தார். அவருக்குப் பின் ரோட்லர் ஐயர் முதலானவர்களும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். கேனிக்கோடு பழகிய ராக்ஸ்பரோ என்ற கம்பெனி வைத்தியர், 1795 முதல் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகளை லண்டனில் வெளியிடச் செய்தார். 300 செப்புத்தகட்டுப் படங்கள்! நம் காடுகளில் கோடையில் நெருப்பாய்ப் பூக்கும் புரச மரமும் அவற்றில் உண்டு. மூலப் படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அவர்களுடைய பெயரை யாரும் அதில் அச்சிடவில்லை. வேரின் முடிச்சு, காயின் வெடிப்பு, புழு கடித்த இலை ஒன்றையும் மறைக்காமல் பார்க்கிற அந்தப் பழக்கத்திலிருந்தே மருந்து பிறக்கிறது.

ஆக, பிள்ளையையும் பூவையும் வரைவதில் இரண்டு வழிகள் உண்டு என்று காண்கிறோம். பார்க்கிறவரின் மனம் குளிர வரைவது ஒன்று. எதிரில் இருக்கிறவரை உள்ளபடி அறிந்துகொள்ள வரைவது மற்றொன்று. ருங்கேயின் பெருமை, அவருக்கு இரண்டும் தெரிந்திருந்தது. 1805, 1806-இல் அவர் ஹாம்பர்க் நகரத்து ஒரு வியாபாரியின் மூன்று பிள்ளைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சிறகும் இல்லை, மேகமும் இல்லை. தோட்டத்தில் சூரியகாந்திச் செடியருகே ஒரு சின்ன இழுவண்டி. கைக்குழந்தை வண்டிக்குள் உட்கார்ந்து, சூரியகாந்தியின் இலையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தம்பி கையில் சாட்டை வைத்திருக்கிறான். அக்காள் வண்டியை இழுத்துக்கொண்டே, குழந்தை விழுந்துவிடாதபடி திரும்பிப் பார்க்கிறாள். நம் தெருவில் பனங்காய் வண்டி இழுக்கும் பிள்ளைகள் இப்படித்தான். பார்க்கிறவர் இரங்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் வேலையில் கருத்தாயிருக்கிறார்கள்.

அந்த ஓவியருக்கு என்ன ஆனது? காலைப் படத்தை வண்ணத்தில் முடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோதே காசநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 1810 டிசம்பர் 2-ஆம் தேதி, 33 வயதில், ஹாம்பர்க்கில் மரித்தார். மறுநாள் அவருடைய நான்காவது பிள்ளை பிறந்தது. தகப்பனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிள்ளைகளைப் பூவின்மேல் உட்காரவைத்த அந்தக் கை, தன் கடைசிப் பிள்ளையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்ததே 1882 மார்ச் 24-இல்தான். அதன்பிறகும் அநேக வருஷங்கள் நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வுமே சிகிச்சை. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில், பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து, டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் பிரிமோட்-மோலர் தலைமையில் சானடோரியம் நடத்தியதை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே, ஏழை வீட்டில் இருந்தபடி ஒழுங்காய் மருந்து சாப்பிடுகிறவரும் சுகமடைவார் என்று 1959-இல் அந்த நிலையம் உலகத்துக்கே காட்டியது. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகள் மூலமாகவே உலகம் அதைக் கற்றுக்கொண்டது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசாங்கம் மருந்தை இலவசமாய்க் கொடுக்கிறது. சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தார்கள்; 2024 நவம்பர் முதல் அதை 1000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் நம்முடைய வேலை என்ன? மருந்துக்கும் வாய்க்கும் நடுவே இருக்கிற தூரம்தான் நம்முடைய வேலை. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றவுடன் "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ குடும்பமாய்ப் புறப்பட்டால் மருந்து அட்டை வீட்டில் கிடக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும். பேருந்துக் கட்டணம் இல்லாததால் பரிசோதனைக்கு வராமல் போவார்கள். இந்தத் தூரத்தை நடந்து கடக்கத்தான் உங்கள் காணிக்கை எங்களுக்குக் கால்களைத் தருகிறது. வீடு தேடிப் போகிற ஊழியருடைய சம்பளம், பிள்ளைக்கு முட்டையும் பயறும், தாய்க்கு வழிச்செலவு ஆகியவை அதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு பிள்ளை மரித்தால், "தேவதூதனாகிவிட்டான்" என்று சொல்லி நாம் ஒருவரையொருவர் தேற்றுகிறோம். துக்கத்தில் இருக்கிற தாய் அப்படிச் சொன்னால் நாங்கள் மறுத்துப் பேச மாட்டோம். அவளோடு அழுவோம். ஆனால் சபையாராகிய நாம் அந்த வார்த்தைக்குள் சுகமாய் ஒளிந்துகொள்ளக்கூடாது. மனிதர் மரித்தால் தூதராகிறார்கள் என்று வேதம் எங்கும் போதிக்கவில்லை. கர்த்தர் அந்தப் பிள்ளையைப் பிள்ளையாகவே படைத்தார். ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால் பிழைக்கக்கூடிய பிள்ளைக்குச் சிறகு வரைந்துகொடுப்பது நம் வேலையல்ல. அவன் தன் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும்படி பார்த்துக்கொள்வதே நம் வேலை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். செய்தி மடலில் படம் போடுவதைக் குறித்து எங்களுக்குள் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம்.

முதலாவது, தாய் தகப்பனிடம் கேட்காமல் படம் எடுப்பதில்லை. பேசத் தெரிந்த பிள்ளையானால் அதனிடமும் கேட்கிறோம். "வேண்டாம்" என்று சொன்னாலும் சிகிச்சையில் எள்ளளவும் குறைவு வராது என்பதை முன்னதாகவே அவர்கள் மொழியில் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது, காசநோய், தொழுநோய் போன்ற வியாதிகளில் முகத்தையும் ஊர்ப் பெயரையும் போடுவதில்லை. இந்த மடல் உங்கள் சபையோடு நின்றுவிடுகிறதா? பேருந்தில் கைமாறி, பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற காகிதமாகி, அந்தக் கிராமத்துக்கே திரும்பிப் போய்விடலாம். பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கையில் அந்தப் படம் இருக்கலாம். உடம்பு சுகமான பிறகும் அவளை நோயாளியாகவே வைத்திருக்கும் படம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, படம் போட்டால், பிள்ளை ஏதாவது செய்துகொண்டிருக்கும் படத்தையே போட விரும்புகிறோம். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற பிள்ளை, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நிற்கிற பிள்ளை, தம்பியை இடுப்பில் தூக்கிவைத்திருக்கிற பிள்ளை. கண்ணீர் வழியும் முகத்தை நெருங்கிப்போய் எடுப்பதில்லை. அந்தக் கண்ணீரைத் துடைக்க வேண்டியவர்கள் நாங்கள். காட்ட வேண்டியவர்கள் அல்ல.

இதனால் காணிக்கை குறையுமே என்று சிலர் எங்களுக்காகக் கவலைப்படுகிறீர்கள். குறையலாம். மனம் இளகிக் கொடுக்கிற காணிக்கையை நாங்கள் அற்பமாய் எண்ணவில்லை. ஆனால் இளகிய மனம் அடுத்த படம் வரும்வரைக்கும்தான் நிற்கும். ஆறு மாதச் சிகிச்சைக்கு ஆறு மாதமும் நிற்கிற மனம் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உங்களில் அநேகர் இருக்கிறீர்கள் என்பதை அறிந்துதான் உங்களிடம் இவ்வளவு வெளிப்படையாய்ப் பேசுகிறோம்.

உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். இந்த மடலில் முகமில்லாத ஒரு செய்தியை வாசிக்கும்போது, "யாரோ" என்று தாண்டிப் போகாமல், கர்த்தர் அந்த முகத்தை அறிவார் என்று நின்று ஜெபியுங்கள். உங்கள் சபையிலோ தெருவிலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற ஒருவர் இருந்தால், அவரை அரசு மருத்துவமனைக்கோ எங்களிடமோ நீங்களே கூட அழைத்துக்கொண்டு வாருங்கள். துணைக்கு ஒருவர் வந்தாலே பாதி பயம் போய்விடும். கூடுமானால், ஒரு பிள்ளையின் ஆறு மாத வழிச்செலவையும் சத்துணவையும் உங்கள் குடும்பமோ ஞாயிறு பள்ளியோ பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரை நாங்கள் உங்களுக்குச் சொல்லமாட்டோம். சிகிச்சை முடிந்ததும், "முடிந்தது" என்று ஒரு அஞ்சலட்டை வரும்.

அடுத்தமுறை தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, சிவகங்கைக் கோட்டை ஆலயத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அந்தப் பளிங்கில் மன்னர் ஐயரின் கையைப் பிடித்திருக்கும் இடத்தையும், அருகில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடச் சொன்ன ஆண்டவர், அவர்களை அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அவருடைய கைகளின் வேலையை நம்முடைய கைகளுக்கும் ஒப்புக்கொடுத்திருக்கிறார்.